மருத்துவ ஆய்விதழுக்கு அனுப்பும் கட்டுரையில் சான்றுப் பட்டியலை அமைப்பது எப்படி?

பொது மருத்துவத்தில் பட்டமேற்படிப்பை முடித்த பிறகு, உண்ணிக் காய்ச்சல் நோயாளிகளைப் பற்றிய என் ஆய்வேட்டைக் கட்டுரையாகச் சுருக்கி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினேன். மதிப்பாய்வாளரின் கைக்குப் போகும் முன்பே, அலுவலகச் சரிபார்ப்பிலேயே அது மூன்று முறை திரும்பி வந்தது. மூன்று முறையும் காரணம் சான்றுப் பட்டியல்தான். முதல் முறை, எண்ணிக்கை வரம்பைத் தாண்டியிருந்தது. இரண்டாம் முறை, உரையில் 14-ஆம் எண்ணுக்கு அடுத்துக் குறிப்பிடப்பட்ட அட்டவணைக்குள், 15, 16 என்று இருக்க வேண்டிய எண்கள் 29, 30 என்று இருந்தன. மூன்றாம் முறை, இரண்டு சான்றுகளின் டி.ஓ.ஐ. எண்களை (இணையத்தில் ஒவ்வொரு கட்டுரைக்கும் தரப்படும் நிலையான அடையாள எண்) சொடுக்கினால் முற்றிலும் வேறு கட்டுரைகள் திறந்தன. இடையில் ஒரு தட்டச்சுக் கடையில் 1,500 ரூபாய் கொடுத்துப் பட்டியலை ‘வான்கூவர் முறையில்’, அதாவது சான்றுகளை எண்ணால் குறிக்கும் முறையில், மாற்றி வாங்கியிருந்தேன். அங்கே நிறுத்தற்குறிகளை மாற்றினார்களே தவிர, தவறான எண்களைத் தவறாகவே தட்டச்சு செய்திருந்தார்கள். இப்படியே ஏழு வாரங்கள் கழிந்தன. அதே இடத்தில் நிற்கும் உங்களுக்கு அந்த ஏழு வாரங்களும் அந்தப் பணமும் மிச்சமாக வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ரெஃபரன்ஸ் என்று நாம் பேச்சில் சொல்வதை இங்கே சான்று என்றும், கட்டுரையின் இறுதியில் வரும் வரிசையைச் சான்றுப் பட்டியல் என்றும் குறிப்பிடுகிறேன்.

1. ஆய்விதழை முடிவு செய்த பிறகே பட்டியலின் வடிவத்தைத் தொடுங்கள்

வான்கூவர் முறை என்பது எல்லா இதழ்களிலும் ஒரே மாதிரி இருக்கும் என்று நம்பியதுதான் என் முதல் தவறு. உரையில் வரும் வரிசைப்படி எண் கொடுத்து, அதே வரிசையில் பட்டியலிடுவது என்ற அடிப்படை மட்டுமே பொதுவானது. அதற்கு மேல் ஒவ்வோர் இதழும் தனக்கென்று சில வழக்கங்களை வைத்திருக்கிறது. அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் மாதிரிகளில், ஆறு ஆசிரியர்களுக்கு மேல் இருந்தால் முதல் ஆறு பேரை எழுதி ‘எட் அல்’ (‘மற்றும் பிறர்’ என்று பொருள்) சேர்க்கிறார்கள். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஏ.எம்.ஏ. முறையில், ஆறு பேருக்கு மேல் இருந்தால் முதல் மூன்று பேரை மட்டும் எழுதி ‘எட் அல்’ சேர்க்க வேண்டும். பக்க எண்களிலும் வேறுபாடு உண்டு: முன்னதில் 284-7 என்று சுருக்குவார்கள், பின்னதில் 284-287 என்று முழுமையாக எழுதுவார்கள். சில இதழ்கள் தொகுதி எண்ணுக்கு அடுத்த அடைப்புக்குறியில் இதழ் எண்ணைக் கேட்கும், சில கேட்பதில்லை. உரையில் வரும் எண்ணைச் சில இதழ்கள் சிறிய மேலெண்ணாகவும் சில சதுர அடைப்புக்குறிக்குள்ளும் கேட்கின்றன.

எண்ணிக்கை வரம்பு இவற்றையெல்லாம் விட முக்கியமானது. மூல ஆய்வுக் கட்டுரைக்கு லான்செட் 30 சான்றுகளையும், நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் 40 சான்றுகளையும் வரம்பாக வைத்திருக்கின்றன. ஜாமா 50 முதல் 75 வரை அனுமதிக்கிறது. நோயாளி அறிக்கைகளுக்கும் ஆசிரியருக்கான கடிதங்களுக்கும் வரம்பு இதைவிட மிகக் குறைவாக இருக்கும். இவை மாறக்கூடியவை என்பதால், அனுப்பும் வாரத்தில் இதழின் ‘ஆசிரியர்களுக்கான அறிவுறுத்தல்கள்’ பக்கத்தை நீங்களே திறந்து பாருங்கள். மூத்த மாணவர் வைத்திருக்கும் பழைய அச்சுப்படியை நம்பாதீர்கள்.

அறிவுறுத்தல்களைப் படித்ததும் ஒரு தாளில் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: எத்தனை சான்றுகள் வரை, எத்தனை ஆசிரியர்கள் வரை, பக்க எண் முழுமையாகவா சுருக்கமாகவா, இதழ் எண் வேண்டுமா, டி.ஓ.ஐ. வேண்டுமா, உரையில் எண் எந்த வடிவில், முற்றுப்புள்ளிக்கு முன்னா பின்னா. பிறகு அதே இதழில் அண்மையில் வெளியான, உங்கள் கட்டுரையின் வகையைச் சேர்ந்த ஒரு கட்டுரையை இறக்கி அதன் பட்டியலோடு இந்தத் தாளை ஒப்பிடுங்கள். அறிவுறுத்தல் தெளிவில்லாத இடங்களில் அச்சான கட்டுரையே தெளிவான விடை தரும்.

முதல் சமர்ப்பிப்புக்கு எந்த வடிவமானாலும் சரி, சீராக இருந்தால் போதும் என்று சொல்லும் இதழ்களும் உண்டு. எல்சவியர் நிறுவனத்தின் பல இதழ்கள் அப்படித்தான். அங்கே வடிவத்துக்காக இரவு விழிக்க வேண்டியதில்லை. ஆனால் தகவல்கள் சரியாக இருந்தே ஆக வேண்டும்.

2. முதல் சொல்லை எழுதும் முன்பே சான்றுகளைக் கையாளும் ஒரு மென்பொருளை அமைத்துக்கொள்ளுங்கள்

கையால் எண் இட்டு எழுதத் தொடங்கி, கடைசியில் மென்பொருளுக்கு மாற்றலாம் என்று நினைக்காதீர்கள். நடுவில் ஒரு வாக்கியத்தை நீக்கினால் அதற்குப் பின்னுள்ள எண்கள் அனைத்தையும் மாற்ற வேண்டிவரும்; நெறியாளர் ஐந்து முறை திருத்தினால் ஐந்து முறையும் இந்த வேலை.

ஸோட்டெரோ இலவசம். கணினியில் நிறுவியதும் வேர்டுக்கான இணைப்பும் கூடவே வருகிறது. இணையச் சேமிப்பில் 300 எம்.பி. வரை இலவசம், 2 ஜி.பி. வேண்டுமானால் ஆண்டுக்கு 20 டாலர். இந்த அளவு பி.டி.எஃப். கோப்புகளுக்கு மட்டுமே பொருந்தும், சான்றுகளின் விவரங்களுக்கு வரம்பில்லை. எனவே ஒரு கட்டுரைக்காகப் பணம் செலுத்த வேண்டிய தேவை பெரும்பாலும் எழாது. மெண்டலியும் இலவசம்தான். எண்ட்நோட் கட்டண மென்பொருள். உங்கள் கல்லூரி நூலகம் உரிமம் வாங்கி வைத்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள். எதைத் தேர்ந்தெடுத்தாலும், கட்டுரையில் கை வைக்கப்போகும் எல்லா இணை ஆசிரியர்களும் அதே மென்பொருளைப் பயன்படுத்த வேண்டும், அல்லது சான்றுகளை ஒருவர் மட்டுமே தொட வேண்டும். இதை முதல் நாளிலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

நிறுவிப் பழக ஒரு மாலை நேரம் போதும். ஆயிரக்கணக்கான இதழ்களின் வடிவங்கள் ஸோட்டெரோவுக்கு ஆயத்தமாகக் கிடைக்கின்றன. உங்கள் இதழின் பெயரைத் தேடிச் சேர்த்துக்கொள்ளலாம். அந்த வடிவக் கோப்பு பழையதாக இருக்கக்கூடும் என்பதால், நீங்கள் குறித்துவைத்த தாளோடு ஒரு முறை ஒப்பிட்டுவிடுங்கள்.

3. விவரங்களைக் கையால் தட்டச்சு செய்யாதீர்கள்

மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் இலவசத் தளமான பப்மெட்டில் ஒவ்வொரு கட்டுரைக்கும் பி.எம்.ஐ.டி. என்ற எண் இருக்கிறது. ஸோட்டெரோவில் மந்திரக்கோல் வடிவிலுள்ள பொத்தானை அழுத்தி, அந்த எண்ணையோ டி.ஓ.ஐ. எண்ணையோ இட்டால், ஆசிரியர், தலைப்பு, இதழ், ஆண்டு, தொகுதி, பக்கம் எல்லாம் தாமாக வந்து சேரும். கூகுள் ஸ்காலரிலிருந்து எடுத்த விவரங்களில் இதழ் எண் விடுபட்டிருப்பதையும், ஆசிரியர் பட்டியல் குறைந்திருப்பதையும், இதழின் பெயர் சிதைந்திருப்பதையும் நான் பல முறை பார்த்திருக்கிறேன். தேடுவதற்கு அதைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். விவரங்களைப் பப்மெட்டிலிருந்தே எடுங்கள்.

தாமாக வந்த விவரங்களிலும் மூன்று இடங்களைக் கண்ணால் பார்க்க வேண்டும். முதலாவது தலைப்பு. சில இணையதளங்கள் ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தையும் பெரிய எழுத்தாகத் தரும். மருத்துவ இதழ்களில் பெரும்பாலும் முதல் சொல்லும் சிறப்புப் பெயர்களும் மட்டுமே பெரிய எழுத்தில் தொடங்கும். இதை மென்பொருளில் உள்ள உங்கள் சான்றுச் சேகரிப்பிலேயே திருத்திவிடுங்கள். இரண்டாவது, இதழின் சுருக்கப் பெயர். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் இதழ்ப் பட்டியலில் உள்ள சுருக்கமே ஏற்கப்படும். நாமாகச் சுருக்கக் கூடாது. இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச் என்பது ‘இந்தியன் ஜே மெட் ரெஸ்’ ஆகும். லான்செட் போன்ற ஒற்றைச் சொல் பெயர்கள் சுருங்குவதில்லை, முன்னால் வரும் ‘தி’ மட்டும் போய்விடும். ஸோட்டெரோவின் ஆவண அமைப்பில் அந்த நூலகத்தின் மெட்லைன் சுருக்கங்களைப் பயன்படுத்தும்படி ஒரு தேர்வு இருக்கிறது. மூன்றாவது, ஆசிரியர் பெயர்கள். அதற்குத் தனித் தலைப்பே தேவைப்படுகிறது.

4. பெயர்கள்: நம் ஊர்க்காரர்களே அதிகம் தடுமாறும் இடம்

வான்கூவர் முறை குடும்பப் பெயரை முதலில் எழுதி, இயற்பெயரின் முதலெழுத்துகளைப் பின்னால், இரண்டுக்கு மேற்படாமல், இடையில் புள்ளியின்றிச் சேர்க்கிறது. குடும்பப் பெயர் இல்லாத, தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் இடும் நம் வழக்கம் இதனுள் எளிதில் அடங்குவதில்லை. கு. செல்வராஜ் என்று ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவர் ‘கு செல்வராஜ்’ என்று வெளியிட்ட கட்டுரை பப்மெட்டில் ‘செல்வராஜ் கு’ என்று பதிவாகும். ‘செல்வராஜ் குமாரசாமி’ என்று விரித்து வெளியிட்ட கட்டுரை ‘குமாரசாமி செ’ என்று பதிவாகும். இருவரும் ஒருவரே என்பது நமக்குத் தெரியும், பட்டியலுக்குத் தெரியாது.

நமக்குத் தெரிந்த மருத்துவர் என்பதற்காக அவர் பெயரை நாமாகத் திருத்திவிடத் தோன்றும். அதைச் செய்யாதீர்கள். பப்மெட் பதிவில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதினால்தான் வாசகர் அதைத் தேடிக் கண்டுபிடிக்க முடியும். உங்கள் சொந்தப் பெயரையோ முதல் கட்டுரையிலேயே ஒரு வடிவத்தில் நிலைநிறுத்தி, கடைசி வரை அதையே பயன்படுத்துங்கள்; ஆய்வாளர் ஒவ்வொருவரையும் தனித்து அடையாளம் காட்டும், இலவசமாகக் கிடைக்கும் ஆர்க்கிட் எண்ணையும் பெற்றுக்கொள்ளுங்கள். சமர்ப்பிப்புத் தளம் குடும்பப் பெயரைக் கேட்கும்போது, பட்டியலில் எது முதலில் நிற்க வேண்டும் என்று விரும்புகிறீர்களோ அதை அந்தக் கட்டத்தில் இடுங்கள். முதலெழுத்தை அங்கே இட்டுவிட்டால், உங்களைச் சான்றாகக் காட்டும் ஒவ்வொரு கட்டுரையிலும் நீங்கள் ஓர் ஒற்றை எழுத்தாகவே நிற்பீர்கள்.

நிறுவனமே ஆசிரியராக இருக்கும்போது இன்னொரு பிழை நேர்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் ஆங்கிலப் பெயரை மென்பொருள் ஒரு மனிதரின் பெயராக எடுத்துக்கொண்டு, கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக்கி, ‘ஆர்கனைசேஷன் டபிள்யூ.எச்.’ என்று அச்சிட்டுவிடும். ஸோட்டெரோவில் ஆசிரியர் கட்டத்தின் அருகேயுள்ள குறியை அழுத்தி இரு கட்டங்களை ஒன்றாக்கினால், பெயர் முழுமையாக நிற்கும்.

5. ஒவ்வொரு சான்றையும் திறந்து, நீங்கள் சொல்வதை அது சொல்கிறதா என்று பாருங்கள்

நிறுத்தற்குறிகளை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். இந்த வேலையை மட்டும் உங்களுக்காக வேறு எவரும் செய்ய மாட்டார்கள், செய்யவும் கூடாது. மற்றொரு கட்டுரையின் அறிமுகத்திலிருந்து ஒரு வாக்கியத்தையும் அதன் சான்றையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளும் பழக்கம் ஆய்வேடு எழுதும் காலத்தில் நம் எல்லோருக்கும் வந்துவிடுகிறது. அதன் விளைவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டைச் சொல்லியாக வேண்டும். 1980-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஐந்தே வாக்கியங்கள் கொண்ட ஒரு கடிதம் வெளியானது. மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு ஓபியாய்டு (அபின் வகை வலிநீக்கி) மருந்து பெற்றவர்களில் அடிமைத்தனம் அரிதாகவே காணப்பட்டது என்றது அது. 2017-ல் அதே இதழில் வெளியான ஆய்வு, அந்தக் கடிதத்தைச் சான்றாகக் காட்டிய 608 கட்டுரைகளைக் கண்டெடுத்தது. அவற்றில் 72.2 சதவீதம், ஓபியாய்டு சிகிச்சையில் அடிமைத்தனம் அரிது என்பதற்கான ஆதாரமாக அதைக் காட்டியிருந்தன. அவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்த நோயாளிகள் என்ற வரையறையை 80.8 சதவீதம் குறிப்பிடவே இல்லை. ஐந்து வாக்கியங்களைத் திறந்து படித்திருந்தால் இது நேர்ந்திருக்காது.

மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழுவான ஐ.சி.எம்.ஜே.ஈ.யும், இயன்றவரை மூல ஆய்வையே சான்றாகக் காட்டச் சொல்கிறது. பல ஆய்வுகளைத் தொகுத்துரைக்கும் திறனாய்வுக் கட்டுரையில் படித்த ஓர் எண்ணை எழுதுவதானால், அந்த எண் பிறந்த ஆய்வைத் தேடிப் பிடித்து, எந்தப் பக்கத்தில், எந்த அட்டவணையில் அது இருக்கிறது என்று ஸோட்டெரோவின் குறிப்புப் பகுதியில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். மதிப்பாய்வாளர் ஆறு மாதம் கழித்துக் கேட்கும்போது அந்தக் குறிப்பு கைகொடுக்கும்.

முழுக் கட்டுரை கிடைக்காதபோது வெளியீட்டாளரின் தளத்தில் ஒரு கட்டுரைக்கு 30, 40 டாலர் கேட்பார்கள். கட்டாதீர்கள். முதலில் பப்மெட் சென்ட்ரலில் இலவசப் படி இருக்கிறதா என்று பாருங்கள். அன்பேவால் என்ற இலவச உலாவி இணைப்பு, சட்டப்படி திறந்து வைக்கப்பட்டுள்ள படிகளைக் காட்டும். அரசுக் கல்லூரியில் இருந்தால், 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தின் வழியாக 30 பன்னாட்டு வெளியீட்டாளர்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களைப் படிக்க வாய்ப்பு உண்டு. நுழைவு முறையைக் கல்லூரி நூலகரிடம் கேளுங்கள். இவை எவையும் உதவாவிட்டால், கட்டுரையின் தொடர்பு ஆசிரியருக்கு நான்கு வரியில் ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். நான் எழுதிய ஆறு பேரில் நான்கு பேர் ஒரு வாரத்துக்குள் அனுப்பிவைத்தார்கள்.

செயற்கை நுண்ணறிவு உரையாடிகளிடம் சான்று கேட்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. உண்மையான இதழின் பெயர், நம்பத்தகுந்த தலைப்பு, முறையான வடிவிலுள்ள டி.ஓ.ஐ. எண் எல்லாம் தந்து, இல்லாத கட்டுரையை அவை உருவாக்கிவிடுகின்றன. என் பட்டியலில் தவறான கட்டுரைகளைத் திறந்த அந்த இரண்டு டி.ஓ.ஐ. எண்களும், அறை நண்பர் ஒருவர் அவ்வாறு ‘உதவி’ பெற்றுத் தந்தவை. அப்படிப் பெற்ற எதையும் பப்மெட்டில் கண்ணால் காணாமல் சேகரிப்பில் சேர்க்காதீர்கள். அவற்றின் விடையையே முதன்மைச் சான்றாகக் காட்டுவதும் ஏற்கத்தக்கதல்ல என்று ஐ.சி.எம்.ஜே.ஈ. தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

6. உரைக்குள் எண் இடும் ஒழுங்கு

ஒரு சான்று முதன்முதலில் எங்கே வருகிறதோ அங்கே அதற்கு எண் கிடைக்கிறது. பிறகு எத்தனை இடத்தில் வந்தாலும் அதே எண்தான். அடுத்தடுத்த இரண்டு எண்களைக் காற்புள்ளியாலும், மூன்றும் அதற்கு மேலும் தொடர்ந்து வந்தால் சிறு கோட்டாலும் இணைப்பது வழக்கம்: 3,4 என்றும் 3-6 என்றும்.

என்னைத் திருப்பி அனுப்பவைத்த அட்டவணைச் சிக்கலை விரிவாகவே சொல்கிறேன். அட்டவணையும் படமும் கோப்பின் கடைசியில் இருப்பதால், அவற்றுக்குள் வரும் சான்றுகளுக்கு மென்பொருள் கடைசி எண்களைக் கொடுத்துவிடுகிறது. ஆனால் விதி வேறு: அந்த அட்டவணையை உரையில் முதன்முதலில் எந்த இடத்தில் குறிப்பிடுகிறீர்களோ, அந்த இடத்தில் அந்தச் சான்றுகள் வந்ததாகக் கொண்டு எண் இட வேண்டும். இதற்கு எளிய வழி, எழுதும் காலம் முழுவதும் அட்டவணையை அதன் முதல் குறிப்பை அடுத்தே வைத்திருந்து, எண்கள் உறுதியாகி, மென்பொருளோடு கோப்புக்கு உள்ள தொடர்பைத் துண்டித்த பிறகு மட்டும் கடைசிக்கு நகர்த்துவது.

எண் எந்தக் கூற்றுக்கு உரியதோ அதை ஒட்டியே நிற்க வேண்டும். ஒரு வாக்கியத்தில் இரண்டு கூற்றுகள் இருந்து, ஒவ்வொன்றுக்கும் தனிச் சான்று இருந்தால், இரண்டையும் வாக்கியத்தின் கடைசியில் குவிக்காமல் உரிய இடத்தில் பிரித்து வையுங்கள். மேலெண்ணை ஓர் அளவுக்குப் பின்னாலும் வைக்கக் கூடாது. தட்டணு எண்ணிக்கைக்கோ செ.மீ. என்ற அலகுக்கோ பின்னால் சிறிய 2 நின்றால், படிப்பவர் அதை வர்க்கம் என்று எடுத்துக்கொள்வார். சொற்களை மாற்றி அமைத்து, ஆய்வாளரைக் குறிக்கும் சொல்லுக்குப் பின் அந்த எண்ணை நகர்த்துங்கள். கட்டுரைச் சுருக்கத்தில் சான்று எண் இடுவதில்லை.

7. பட்டியலின் வடிவம்

இதழ்க் கட்டுரைக்கு வரிசை இது: ஆசிரியர்கள், தலைப்பு, இதழின் சுருக்கப் பெயர், பிறகு 2021;68(4):284-7 என்பது போல ஆண்டு, அரைப்புள்ளி, தொகுதி, அடைப்புக்குறிக்குள் இதழ் எண், முக்காற்புள்ளி, பக்கங்கள். இந்த எண் தொடரில் இடைவெளி கிடையாது. இணையத்தில் மட்டும் வெளியாகும் இதழ்களில் பக்கத்துக்குப் பதிலாகக் கட்டுரை எண் இருக்கும். பக்கம் விடுபட்டது என்று கருதி 1-8 போல நீங்களே எண்ணி எழுதாதீர்கள்.

நூலின் ஓர் அத்தியாயத்தைக் காட்டும்போது, அத்தியாய ஆசிரியரும் தலைப்பும் முதலில் வர, ‘இன்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பிறகு பதிப்பாசிரியர்கள், நூலின் பெயர், பதிப்பு எண், ஊர், பதிப்பகம், ஆண்டு, பக்கம் என்று தொடர வேண்டும். பதிப்பு எண்ணை விட்டுவிடுவதுதான் இங்கே அடிக்கடி நேரும் பிழை. பாடநூல்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறுவதால், அந்த எண் இல்லாமல் பக்க எண்ணுக்குப் பொருளே இல்லை.

அரசு அறிக்கைகளில் நிறுவனமே ஆசிரியர். தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றை, அதாவது 2019-21 அறிக்கையைக் காட்டுவதானால், மும்பையிலுள்ள பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனமும் ஐ.சி.எஃப். நிறுவனமும் ஆசிரியர்கள், ஊர் மும்பை, ஆண்டு 2021. செய்தித்தாளில் வந்த எண்ணைக் காட்டாமல் அறிக்கையையே இறக்கிக் காட்டுங்கள். இணையப் பக்கத்துக்கு, நீங்கள் பார்த்த தேதியைச் சதுர அடைப்புக்குறிக்குள் கொடுத்து முகவரியையும் சேர்க்க வேண்டும். அரசுத் தளங்களின் முகவரிகள் அடிக்கடி மாறுவதால், பார்த்த அன்றே ஒரு பி.டி.எஃப். படி எடுத்துச் சேகரிப்பில் இணைத்துவிடுங்கள்.

மதிப்பாய்வுக்கு முன்பே கட்டுரைகளை வெளியிடும் முன்பதிப்புத் தளத்தில் உள்ள கட்டுரையைக் காட்டினால், அது முன்பதிப்பு என்று குறிக்க வேண்டும். இதற்குள் அது இதழில் வெளியாகியிருந்தால் வெளியான வடிவத்தைக் காட்டுங்கள். ஏற்கப்பட்டு இன்னும் வெளிவராத கட்டுரைக்கு ‘அச்சில்’ என்று குறிக்கலாம். அனுப்பி இன்னும் ஏற்கப்படாததும், மாநாட்டுச் சுருக்கமும், ஒருவர் நேரில் சொன்ன தகவலும் பட்டியலுக்குள் வரக் கூடாது. நேரில் பெற்ற தகவல் தவிர்க்க முடியாததானால், உரையிலேயே அடைப்புக்குறிக்குள் அவர் பெயரையும் தேதியையும் எழுதி, அவரிடம் எழுத்து வடிவில் அனுமதி பெற்று வைத்திருக்க வேண்டும்.

8. நூற்றுப் பன்னிரண்டிலிருந்து முப்பதுக்கு

ஆய்வேட்டில் எனக்கு 112 சான்றுகள் இருந்தன. இதழ் 30 தான் கேட்டது. வெட்டத் தொடங்கியபோது ஒவ்வொன்றும் முக்கியமாகத் தோன்றியது. கடைசியில் பயன்பட்ட வழி இது: முறைகள் பகுதியிலும் விவாதப் பகுதியிலும் உள்ளவற்றை முதலில் ஒதுக்கி வைத்தேன், ஏனெனில் ஆய்வு வரையறையும் ஒப்பீடும் அவற்றின் மீதுதான் நிற்கின்றன. பிறகு அறிமுகத்துக்கு வந்தேன். நோயின் பொது விவரங்களுக்காக வைத்திருந்த ஐந்தாறு சான்றுகளுக்குப் பதில் அண்மைய திறனாய்வு ஒன்று போதுமாக இருந்தது. ஒரே கருத்துக்கு நான்கு எண்கள் நின்ற இடங்களில், பெரிய ஆய்வு ஒன்றையும் நம் பகுதியில் நடந்த ஆய்வு ஒன்றையும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கினேன். மருத்துவ மாணவர் எல்லோருக்கும் தெரிந்த செய்திகளுக்குச் சான்றே தேவையில்லை என்பதையும் அப்போதுதான் உணர்ந்தேன். இதற்கு மட்டும் இரண்டு முழு நாட்கள் ஆயின.

தரமற்ற, பணம் வாங்கிக்கொண்டு எதையும் வெளியிடும் போலி இதழ்களில் வந்தவை இந்தச் சுற்றிலேயே போய்விட வேண்டும். அத்தகையவற்றைச் சான்றாகக் காட்டுவதைத் தவிர்க்கும்படி ஐ.சி.எம்.ஜே.ஈ. கேட்டுக்கொள்கிறது.

9. திரும்பப் பெறப்பட்ட கட்டுரை உள்ளே இருக்கிறதா?

ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் பற்றி லான்செட்டில் 2020 மே 22 அன்று வெளியான கட்டுரை ஜூன் 4 அன்று திரும்பப் பெறப்பட்டது. இரண்டு வாரத்துக்கும் குறைவான அந்த இடைவெளியில் இறக்கி வைத்தவர்களின் கணினியில் உள்ள பி.டி.எஃப். கோப்பில் எந்த முத்திரையும் இருக்காது. ஆகவே உங்கள் கோப்பை நம்பாமல், அனுப்புவதற்கு முந்தைய நாள் ஒவ்வொரு சான்றின் பப்மெட் பதிவையும் மீண்டும் ஒரு முறை பாருங்கள். திரும்பப் பெறப்பட்டிருந்தால் மேலேயே தெளிவாகத் தெரியும். திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைத் தொகுக்கும் ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்தோடு இணைந்திருப்பதால், ஸோட்டெரோவும் அத்தகைய கட்டுரையைச் சிவப்பு எச்சரிக்கையோடு காட்டும். அத்தரவுத்தளத்தை 2023-ல், டி.ஓ.ஐ. எண்களைப் பதிவு செய்யும் அமைப்பான கிராஸ்ரெஃப் வாங்கி எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. முப்பது சான்றுகளுக்கு இதற்கு ஒரு மணி நேரம் போதும். அதே சுற்றில் ஒவ்வொரு டி.ஓ.ஐ. எண்ணையும் சொடுக்கி, திறக்கும் தலைப்பு உங்கள் பட்டியலில் உள்ள தலைப்புதானா என்றும் பார்த்துவிடுங்கள்.

10. கோப்பு கைமாறும்போது

மென்பொருள் இட்ட எண்கள் சாதாரண எழுத்துகள் அல்ல. அவற்றுக்குப் பின்னால் தொடர்புக் குறிமுறை இருக்கிறது. கோப்பை வேறு செயலியில் திறந்து சேமித்தாலோ, கைபேசியில் திருத்தினாலோ அந்தத் தொடர்பு அறுந்துபோகலாம். பார்ப்பதற்கு எண்கள் அப்படியே இருக்கும். ஒரு சான்றைப் புதிதாகச் சேர்க்கும்போதுதான் மற்றவை மாறாமல் நிற்பது தெரியவரும். எனவே நெறியாளருக்கும் மற்றவர்களுக்கும் அனுப்பும்போது, மாற்றங்களைக் கண்காணிக்கும் வசதியை இயக்கி அனுப்பி, அவர்கள் திருத்தங்களை உங்கள் மூலக் கோப்பில் நீங்களே கையால் சேருங்கள். ‘ஐயா, சான்று சேர்க்க வேண்டிய இடத்தில் கருத்துக் குறிப்பாக மட்டும் எழுதுங்கள், நான் சேர்த்துவிடுகிறேன்’ என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஒரே கட்டுரை சேகரிப்பில் இரண்டு முறை இருந்தால் அதற்கு இரண்டு எண்கள் கிடைக்கும். ஸோட்டெரோவில் நகல்களுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது, அங்கே இணைத்துவிடுங்கள். பட்டியலில் ஒரு பிழையைக் கண்டால் வேர்டு கோப்பில் திருத்தாமல் சேகரிப்பில் திருத்துங்கள். கோப்பில் கையால் செய்த திருத்தம் அடுத்த புதுப்பிப்பில் சொல்லாமல் மறைந்துவிடும்.

எல்லாம் முடிந்ததும் மூலக் கோப்பின் ஒரு நகலை எடுத்து, நகலில் மட்டும் தொடர்பைத் துண்டித்து, அதை இதழுக்கு அனுப்புங்கள். மூலத்தை அழிக்காதீர்கள். இந்த இதழ் மறுத்துவிட்டால், மூலக் கோப்பில் அடுத்த இதழின் வடிவத்தைத் தேர்ந்தெடுத்த ஐந்தாவது நிமிடத்தில் பட்டியல் மாறிவிடும்.

11. அனுப்பும் நாளும் அதன் பிறகும்

சான்று வேலைக்கென்று அனுப்பும் நாளுக்கு முன் நான்கு நாட்களை ஒதுக்குங்கள்: குறைக்க இரண்டு நாள், மூலங்களோடு ஒப்பிட ஒரு நாள், வடிவத்துக்கும் இறுதிச் சரிபார்ப்புக்கும் ஒரு நாள். ஒப்பிடும் நாளில் பட்டியலை அச்சிட்டு, ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர் பப்மெட் பதிவைப் பார்த்து வருவது, தனியாகத் திரையில் பார்ப்பதைவிட அதிகப் பிழைகளைப் பிடிக்கிறது. நானும் என் இளைய மாணவி ஒருவரும் இப்படிச் செய்தபோது, 30 சான்றுகளில் நான்கில் ஆண்டோ பக்கமோ தவறாக இருந்ததைக் கண்டோம்.

மதிப்பாய்வுக்குப் பிறகு கேட்கப்படும் புதிய சான்றுகளால் எண்ணிக்கை வரம்பைத் தாண்டக்கூடும். எதை நீக்கலாம் என்று முன்கூட்டியே இரண்டு மூன்றை மனத்தில் வைத்திருங்கள். மதிப்பாய்வாளர் தம் சொந்தக் கட்டுரைகளைச் சேர்க்கச் சொல்வதாகத் தோன்றினால், பொருத்தமானவற்றை மட்டும் சேர்த்து, மற்றவற்றை ஏன் சேர்க்கவில்லை என்று பதில் கடிதத்தில் மரியாதையாக எழுதலாம்.

கட்டுரை ஏற்கப்பட்டதும் அச்சுச் சரிபார்ப்புப் படி வரும். பதில் அனுப்பப் பெரும்பாலும் 48 மணி நேரம்தான் தருவார்கள். அதில் ஓரத்தில் எண்ணிட்ட கேள்விகள் இருக்கும்: 9-ஆம் சான்றின் பக்க எண் என்ன, 22-ஆம் சான்று உரையில் எங்கே வருகிறது என்பது போல. எனக்கு அந்த மின்னஞ்சல் ஒரு சனிக்கிழமை இரவுப் பணியின்போது வந்தது. ஒவ்வொரு சான்றின் பி.டி.எஃப். கோப்பும், எந்த அட்டவணையிலிருந்து எடுத்தேன் என்ற குறிப்பும் மடிக்கணினியில் இருந்ததால், பணி முடிந்த காலையில் நாற்பது நிமிடத்தில் எல்லாக் கேள்விகளுக்கும் விடை எழுதி அனுப்ப முடிந்தது.